பிப்டாஸா, மெரோவா: இரத்தத்தில் கிருமி வளரும்போது

இரத்தக் கல்ச்சரில், அதாவது நோயாளியின் இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையில், இ.கோலை என்ற பாக்டீரியா வளர்ந்திருக்கிறது. ரிப்போர்ட்டில் செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆண்டிபயாடிக்குக்கு எதிரே 'ஆர்' (கட்டுப்படாது) என்றும், மெரோ எனப்படும் மெரோபெனத்துக்கு எதிரே 'எஸ்' (கட்டுப்படும்) என்றும், பிப்டாஸ் எனப்படும் பிப்பரசிலின்-டாசோபாக்டத்துக்கு எதிரேயும் 'எஸ்' என்றும் போட்டிருக்கிறது. பெரிய மருத்துவமனைகளின் வார்டுகளில் அடிக்கடி கண்ணில் படும் இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, மருந்தியல் பிரிவில் பணிபுரியும் என்னிடம் பயிற்சி மருத்துவர்கள் கேட்பது ஒன்றுதான்: இரண்டு மருந்துக்கும் கிருமி கட்டுப்படும் என்று லேப் சொல்லிவிட்ட பிறகு, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பிப்டாஸையே தொடர்ந்தால் என்ன, எதற்காக மெரோவுக்கு மாற வேண்டும்? கேள்வி நியாயமானது. மெரோபெனத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள் என்று அவர்களிடம் ஓயாமல் சொல்வதும் எங்கள் பிரிவுதான் என்பதால், கேள்வியில் ஒரு மெல்லிய குத்தலும் இருக்கும். ஆனாலும் கிருமி இரத்தத்தில் இருக்கிறது என்றால், அந்த இரண்டு 'எஸ்'ஸுக்கும் எடை ஒன்றல்ல என்பதே என் கருத்து. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இது பொதுவான விளக்கமே தவிர, தனிப்பட்ட ஒருவருக்கு எதைப் போடுவது என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டும் ஒரே பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவை. பாக்டீரியா தன்னைச் சுற்றி எழுப்பும் செல்சுவரின் கட்டுமானத்தைத் தடுத்து அதைக் கொல்லும் பீட்டா-லாக்டம் வகை மருந்துகள் இவை. பிப்பரசிலின் என்பது பென்சிலினின் விரிந்த வடிவம்; 1980களின் தொடக்கத்தில் தனி மருந்தாகப் புழக்கத்துக்கு வந்து, டாசோபாக்டத்துடன் இணைந்து 1993இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. மெரோபெனம் கார்பபெனம் வகை. அது 1996இல் அங்கே ஒப்புதல் பெற்றது. பிப்பரசிலினை உருவாக்கிய டொயாமா, டாசோபாக்டத்தை உருவாக்கிய டைஹோ, மெரோபெனத்தை உருவாக்கிய சுமிடோமோ ஆகிய மூன்றுமே ஜப்பானிய நிறுவனங்கள் என்பதை இவ்விடத்தில் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

பென்சிலின் வகை மருந்துகளை உடைத்தெறியும் நொதிகளைப் பாக்டீரியாக்கள் சுரக்கின்றன. அந்த நொதியிடம் டாசோபாக்டம் தானே போய் மாட்டிக்கொள்கிறது. காவலாளியைப் பேச்சுக்கொடுத்து வாசலில் நிறுத்திவைத்துவிட்டுக் கூட்டாளியை உள்ளே அனுப்புவதைப் போல, நொதி டாசோபாக்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் பிப்பரசிலின் தன் வேலையை முடிக்கிறது. மெரோபெனத்துக்கு இந்தக் கூட்டாளி தேவையில்லை. அதன் மூலக்கூறின் அமைப்பே பெரும்பாலான நொதிகளுக்கு அசைந்து கொடுக்காதது. இந்த வேறுபாட்டில்தான் மற்ற எல்லாம் தொடங்குகின்றன, ஏனெனில் ஒரு மருந்து தன் சொந்த உறுதியில் நிற்கிறது, மற்றொன்று துணைக்கு வந்தவரின் அளவு போதுமானதாக இருக்கும் வரை மட்டுமே நிற்கிறது.

செஃப்ட்ரையாக்சோனுக்குக் கட்டுப்படாத இ.கோலையும், அதைப் போன்ற கிளெப்சியெல்லா என்ற கிருமியும் பெரும்பாலும் அந்த மருந்தையும் உடைக்கும் இ.எஸ்.பி.எல். எனப்படும் நொதிகளைச் சுரப்பவை. அவற்றுள் உலகெங்கும் மிக அதிகமாகப் பரவியுள்ள சி.டி.எக்ஸ்-எம்-15 என்ற வகை முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது, 1999இல் புதுதில்லியில் சேகரித்த கிருமிகளில்தான். இந்த நொதியை டாசோபாக்டம் நன்றாகவே தடுக்கும். அதனால்தான் ரிப்போர்ட்டில் 'எஸ்' வருகிறது. சிக்கல் என்னவென்றால், இதே கிருமி பல நேரங்களில் ஓ.எக்ஸ்.ஏ-1 என்ற இன்னொரு நொதியையும் கூடவே வைத்திருக்கிறது. டாசோபாக்டத்துக்கு அது அவ்வளவாக அடங்குவதில்லை. ஓ.எக்ஸ்.ஏ-1 உள்ள கிருமிகளில் பிப்டாஸின் எம்.ஐ.சி., அதாவது கிருமியின் வளர்ச்சியை நிறுத்தத் தேவைப்படும் மிகக் குறைந்த மருந்துச் செறிவு, லிட்டருக்கு 8, 16 மில்லிகிராம் என்று எல்லைக்கோட்டை ஒட்டியே வந்து நிற்கும். எல்லைக்கோட்டில் நிற்கும் கிருமியை ஒரு லேப் 'எஸ்' என்று எழுதும், வேறொரு முறையில் சோதிக்கும் லேப் 'ஆர்' என்று எழுதும். போதாக்குறைக்கு, கிருமிகளின் எண்ணிக்கை மிகுதியாகும்போது அவை சுரக்கும் நொதியும் மிகுதியாவதால், சோதனைக்கூடத்தில் அளவான எண்ணிக்கைக்குப் போதுமானதாகத் தெரிந்த டாசோபாக்டம், சீழ்க்கட்டி ஒன்றுக்குள் இருக்கும் கூட்டத்துக்குப் போதாமல் போகலாம். மெரோபெனத்தில் இந்தத் தடுமாற்றம் மிகக் குறைவு.

இதெல்லாம் ஏட்டளவில் தெரிந்திருந்தும் பல ஆண்டுகளாக முடிவு எட்டப்படவில்லை. பழைய நோயாளிக் குறிப்புகளைத் திரட்டிப் பார்த்த ஆய்வுகளில் சில, பிப்டாஸ் மெரோபெனத்துக்கு ஈடு என்றன. சில இல்லை என்றன. குலுக்கல் முறையில் இரு மருந்தையும் நேருக்கு நேர் நிறுத்திய பெரிய ஆய்வு மெரினோ. பேட்ரிக் ஹாரிஸ், டேவிட் பேட்டர்சன் உள்ளிட்ட குவின்ஸ்லாந்து ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய இதில் 9 நாடுகளின் 26 மருத்துவமனைகள் பங்கெடுத்தன. இந்தியா அந்த ஒன்பதில் இல்லை. 2014 தொடங்கி 2017 வரை, இரத்தத்தில் செஃப்ட்ரையாக்சோனுக்குக் கட்டுப்படாத, ஆனால் பிப்டாஸுக்குக் கட்டுப்படும் என்று லேப் சொன்ன இ.கோலை அல்லது கிளெப்சியெல்லா இருந்த 391 பேர் சேர்க்கப்பட்டனர். ஒரு தரப்புக்கு 4.5 கிராம் பிப்டாஸ் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. மறு தரப்புக்கு 1 கிராம் மெரோபெனம் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. பிப்டாஸ் ஈடாகத்தான் இருக்கும், தேவையில்லாத மெரோபெனப் பயன்பாட்டைக் குறைக்க அது வழிவகுக்கும் என்பதே ஆய்வைத் தொடங்கியவர்களின் எதிர்பார்ப்பு.

நடந்தது வேறு. 30 நாட்களுக்குள் பிப்டாஸ் தரப்பில் 187 பேரில் 23 பேர் இறந்தனர், அதாவது 12.3 சதவீதம், மெரோபெனம் தரப்பில் 191 பேரில் 7 பேர், அதாவது 3.7 சதவீதம். கண்காணிப்புக் குழுவின் பரிந்துரைப்படி ஆய்வு திட்டமிட்டதற்கு முன்பே நிறுத்தப்பட்டது. 2018 செப்டம்பரில் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழில் முடிவு வெளியானபோது, பிப்டாஸை நம்பியிருந்த பலருக்கும் அது அதிர்ச்சியாகவே இருந்தது. அது வெறும் சதவீதக் கணக்கல்ல. பிப்டாஸ் பெற்ற நூறு பேரில் எட்டு, ஒன்பது பேர் கூடுதலாக இறந்திருக்கிறார்கள்.

இந்த ஆய்வைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்ளாமல் கேள்வி கேட்டவர்களும் உண்டு; அவர்களுடைய கேள்விகளில் சாரம் இருந்தது. இறந்தவர்களில் பலர் புற்றுநோய் போன்ற கடும் நோய்களோடு வந்தவர்கள். இறப்புக்கு அந்தத் தொற்றே நேரடிக் காரணம் என்று சொல்ல முடியாத நிலை. நான்காம் நாளில் காய்ச்சலும் கிருமியும் அடங்கியவர்களின் விகிதம் பிப்டாஸில் 68 சதவீதம், மெரோபெனத்தில் 75 சதவீதம் என்று அருகருகே இருந்ததால், மருந்து தோற்றதன் தடயம் இறப்பில் தெரியும் அளவுக்கு இடைப்பட்ட நாட்களில் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மருத்துவமனை லேப்கள் 'எஸ்' என்று சொன்ன கிருமிகள் உண்மையிலேயே 'எஸ்'தானா என்ற ஐயம் இருந்தது.

அந்த ஐயத்துக்குப் பின்னர் பதில் கிடைத்தது. ஆய்வில் சேகரித்த கிருமிகளை ஒரே மைய லேபில், நம்பகமான நீர்ம வளர்ப்பு முறையில் மறுபடி சோதித்தபோது, அவற்றுள் சில பிப்டாஸுக்கு உண்மையில் கட்டுப்படாதவை என்று தெரிந்தது, எம்.ஐ.சி. 16க்கு மேல் போன கிருமிகளுக்கும் இறப்புக்கும் வலுவான தொடர்பு காணப்பட்டது. அவற்றுள் பலவற்றில் ஓ.எக்ஸ்.ஏ-1 இருந்தது. அப்படிப்பட்ட கிருமிகளைக் கணக்கிலிருந்து நீக்கியபோது இரு தரப்புக்கும் இடையிலான இறப்பு வேறுபாடு சுமார் 5 சதவீதமாகக் குறைந்து, தற்செயலாக நேர்ந்ததாகவும் இருக்கலாம் என்னும் வரம்புக்குள் வந்துவிட்டது. ஆகவே பிப்டாஸ் இந்தக் கிருமிகள் முன் எப்போதுமே தோற்கும் மருந்து என்று இந்த மறு ஆய்வு சொல்லவில்லை. 'எஸ்' என்பது மெய்யான 'எஸ்'ஸாக இருந்தால் அது ஓரளவு நிற்கக்கூடும். ஆனால் இரவு பதினொரு மணிக்கு வார்டில் நிற்கும் மருத்துவருக்கு மைய லேபும் இல்லை, மறுசோதனைக்கு நேரமும் இல்லை. தானியங்கிக் கருவி அச்சிட்டுக் கொடுத்த தாள் மட்டுமே இருக்கிறது. மறு ஆய்வைப் பிப்டாஸுக்குச் சாதகமாகக் காட்டுபவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: நம் கையில் இருக்கும் சோதனைக்கு எல்லைக்கோட்டைத் துல்லியமாகப் பார்க்கும் திறன் இல்லாதவரை, அந்தச் சலுகையை நம்மால் பயன்படுத்திக்கொள்ள முடியாது.

எல்லைக்கோடும் அதன் பின் நகர்ந்தது. இந்த வரம்புகளை வகுக்கும் ஐரோப்பியக் குழு 2021இல் எம்.ஐ.சி. 8 வரை மட்டுமே 'எஸ்', அதற்கு மேல் 'ஆர்' என்று வைத்தது. அமெரிக்கத் தரநிலை அமைப்பான சி.எல்.எஸ்.ஐ. 2022இல் 'எஸ்'ஸை 16இலிருந்து 8க்கு இறக்கி, 16ஐ அதிக அளவில் கொடுத்தால் மட்டும் கட்டுப்படும் இடைநிலை என்றும், 32இலிருந்து 'ஆர்' என்றும் மாற்றியது. ரிப்போர்ட்டைக் கையில் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: சில லேப்கள் கருவியில் பழைய வரம்பை இன்னும் வைத்திருக்கலாம். எழுத்தை மட்டும் அச்சிடாமல் எம்.ஐ.சி. எண்ணையும் சேர்த்துத் தரும்படி லேபிடம் கேட்டு வாங்குவது மெத்த நல்லது.

சிறுநீர்ப்பையில் மட்டும் தொற்று என்றால் கதை மாறுகிறது. பிப்பரசிலின் சிறுநீரில் மிக அதிகச் செறிவில் வெளியேறுவதால், எல்லைக்கோட்டுக் கிருமியும் அங்கே தாக்குப்பிடிப்பது கடினம். அமெரிக்கத் தொற்றுநோய் சங்கத்தின் வழிகாட்டுதலும், சாதாரணச் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு ஏற்கெனவே பிப்டாஸ் தொடங்கப்பட்டு நோயாளி தேறிக்கொண்டிருந்தால், ரிப்போர்ட்டில் இ.எஸ்.பி.எல். என்று வந்ததற்காக மருந்தை மாற்ற வேண்டியதில்லை என்கிறது. அதே வழிகாட்டுதல், சிறுநீரகம் வரை ஏறிய தொற்றுக்கும் இரத்தத் தொற்றுக்கும், ரிப்போர்ட்டில் 'எஸ்' இருந்தாலும் பிப்டாஸைத் தவிர்க்கச் சொல்கிறது.

பிப்டாஸை இவ்வளவு சொல்லிவிட்டதால் அது சோப்ளாங்கி மருந்து என்று நினைத்துவிடக் கூடாது. குடல் துளைத்து வயிற்றுக்குள் கலப்படத் தொற்று ஏற்பட்டால், பாக்டராய்ட்ஸ் போன்ற காற்றில்லாச் சூழலில் வளரும் கிருமிகளையும், சூடோமோனாஸையும், என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸையும் ஒரே ஊசியில் பார்த்துக்கொள்ளும் மருந்து அது. மெரோபெனம் முதலிரண்டையும் பார்த்துக்கொள்ளும், என்டரோகாக்கஸின் முன் மட்டும் தடுமாறும். மறுபுறம், மூளைக்காய்ச்சலில் பிப்டாஸுக்கு இடமே இல்லை, ஏனெனில் டாசோபாக்டம் மூளைத் தண்டுவட நீருக்குள் போதிய அளவு போவதில்லை. மெரோபெனம் 2 கிராம் அளவில் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று அங்கே கொடுக்கப்படுகிறது. மழைக்காலத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் நீரிழிவு உள்ளவர்களிடம் காணப்படும், மண்ணிலும் நீரிலும் வாழும் பாக்டீரியாவால் வரும் மெலியாய்டோசிஸுக்கும் வழிகாட்டிகள் சொல்வது செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம்தான். எம்.ஆர்.எஸ்.ஏ. என்னும், பென்சிலின் வகை மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஸ்டெஃபைலோகாக்கஸுக்கு இரண்டுமே உதவாது; மெரோ ஓடுகிறதே என்று அந்தக் கிருமியை மறந்துவிடுபவர்கள் உண்டு.

மெரோபெனத்தைக் கண்டபடி போட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைவில் போய்ச் சான்று தேட வேண்டியதில்லை. கார்பபெனங்களையே உடைக்கும் என்.டி.எம்-1 நொதியைப் பற்றி 2010இல் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்த ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தைச் சேர்ந்த குமாரசாமி. அதில் சென்னையிலிருந்து மட்டும் 44 கிருமிகளில் அந்த நொதி பதிவானது. நொதிக்குத் தில்லியின் பெயர் வைத்ததைப் பற்றி எழுந்த ஆரவாரத்தில் அந்த 44 என்ற எண் பெரிதாகப் பேசப்படவில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2012இல், ஆண்டிபயாடிக் பயன்பாட்டைச் சீர்படுத்துவதற்கான சென்னைப் பிரகடனம் இங்கேதான் உருவானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் கண்காணிப்பு வலையமைப்பின் அறிக்கையின்படி, இமிபெனத்துக்குக் கட்டுப்படும் இ.கோலை 2017இல் 81 சதவீதமாக இருந்து 2022இல் 66 சதவீதமாகியது. கிளெப்சியெல்லாவில் 59இலிருந்து 42. இமிபெனமும் மெரோபெனமும் ஒரே வகை என்பதால் இந்தச் சரிவு மெரோபெனத்துக்கும் பொருந்தும். இரத்தத்தில் இ.எஸ்.பி.எல். கிருமி உள்ளவருக்கு மெரோபெனம் கிடைக்க வேண்டுமானால், சாதாரண நிமோனியாவுக்கும், காரணம் தெரியாத காய்ச்சலுக்கும், அறுவை சிகிச்சைக்குப் பின் 'பாதுகாப்புக்காக' என்றும் அதை எழுதும் பழக்கம்தான் முதலில் நிற்க வேண்டும். இரண்டு மருந்துகளுமே உலக சுகாதார அமைப்பின் வகைப்பாட்டில் கவனித்துப் பயன்படுத்த வேண்டிய பிரிவில்தான் உள்ளன என்பதால், பிப்டாஸையும் இனிப்பு மிட்டாய் போல வழங்கலாம் என்றாகாது.

மருந்துக் குப்பியைக் கையில் எடுத்தால் வேறு வித்தியாசங்கள் தெரியும். பிப்டாஸ் தூள் சட்டென்று கரையாது. நீர் விட்டபின் குப்பியைச் சில நிமிடங்கள் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அவசரப்பட்டு உலுக்கினால் நுரை பொங்கி அளவு எடுப்பது தொல்லையாகிவிடும். மெரோபெனம் விரைவில் கரைந்து தெளிவான, சில நேரம் இலேசான மஞ்சள் நிறக் கரைசலாகும், ஆனால் கரைத்த பிறகு அறை வெப்பத்தில் சில மணி நேரத்துக்கே வீரியத்தோடு இருக்கும். டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் இன்னும் விரைவாகக் கெடும். ஆகவே காலையிலேயே மூன்று வேளைக்கும் சேர்த்துக் கலந்து வைப்பது கூடாது. 4.5 கிராம் பிப்டாஸில் சுமார் 260 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. நாளைக்கு நான்கு முறை என்றால் ஒரு கிராமைத் தொடுகிறது. மெரோபெனம் 1 கிராமில் அது 90 மில்லிகிராம். இதயம் பலவீனமாகிக் கால் வீங்கியவருக்கு உப்பைக் குறையுங்கள் என்று சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துச் சொல்லும் நாம், டிரிப் வழியாகப் போகும் உப்பை எண்ணுவதே இல்லை.

வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடுபவர்களிடம் மெரோபெனத்தைக் கொண்டுபோகக் கூடாது. இரத்தத்தில் வால்ப்ரோயேட்டின் அளவு ஓரிரு நாட்களில் பெருமளவு சரிந்துவிடும். அதன் அளவைக் கூட்டிச் சமாளிக்கவும் முடியாது. வீட்டில் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று அக்காவிடமோ அம்மாவிடமோ கேட்காமல் மெரோ எழுதுவது ஆபத்தானது. பென்சிலின் ஒவ்வாமை உள்ளவருக்குப் பிப்டாஸ் கூடாது. மெரோபெனத்தில் குறுக்கு ஒவ்வாமை ஒரு சதவீதத்துக்கும் குறைவு. வான்கோமைசின் என்ற இன்னொரு ஆண்டிபயாடிக்கோடு பிப்டாஸைச் சேர்த்தால், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் ஏறுவதைப் பார்த்துப் பலர் கலங்குகிறார்கள். அதில் ஒரு பங்கு, சிறுநீரகம் உண்மையில் பழுதாவதால் அல்லாமல், கிரியாட்டினின் வெளியேறும் வழியைப் பிப்பரசிலின் அடைப்பதால் வருவது. ஆனாலும் அசட்டையாக இருக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இரண்டு மருந்துக்குமே, எவ்வளவு உயரச் செறிவு என்பதைவிட, எம்.ஐ.சி.க்கு மேல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதே முக்கியம். அரை மணியில் ஏற்றிவிடாமல் மூன்று, நான்கு மணி நேரம் மெல்ல ஓட்டுவது இதற்காகத்தான். மெரினோவில் இரண்டையும் அரை மணியில் ஏற்றினார்கள், எனவே மெல்ல ஓட்டியிருந்தால் பிப்டாஸ் தேறியிருக்குமோ என்ற வாதம் இன்னும் உண்டு. இவ்விரு மருந்துகளையே 7,000க்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சை நோயாளிகளிடம் சோதித்து 2024இல் வெளியான பிலிங்-3 ஆய்வில், நாள் முழுவதும் ஓட்டியவர்களில் 90 நாள் இறப்பு 24.9 சதவீதம், இடைவிட்டுக் கொடுத்தவர்களில் 26.8 சதவீதம், அந்த வேறுபாடு புள்ளியியல் வரம்பை மயிரிழையில் தவறவிட்டது. ஆய்வுகள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தபோது தொடர் ஓட்டமே ஓரளவு மேல் என்று தெரிந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் பம்ப் காலியாக இருந்தால் மெல்ல ஓட்டச் சொல்லுங்கள் என்பேன்.

எத்தனை நாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அண்மையில் முடிந்த பேலன்ஸ் ஆய்வில், இரத்தத் தொற்றுள்ள 3,608 பேரில் 7 நாள் சிகிச்சை பெற்றவர்களின் 90 நாள் இறப்பு 14.5 சதவீதம், 14 நாள் பெற்றவர்களில் 16.1 சதவீதம், அதாவது ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் உள்ளவர்களும், இதய வால்விலோ எலும்பிலோ தொற்றுள்ளவர்களும் அந்த ஆய்வில் இல்லை. மற்றவர்களுக்கு, சீழ் வடிந்து காய்ச்சலும் தணிந்திருந்தால், மெரோபெனத்தின் ஏழாம் நாள் காலை ரவுண்ட்ஸில் நிறுத்தலாமா என்று கேட்பது என் வழக்கம். உடலில் சூடோமோனாஸ் சம்பந்தம் இல்லாதபோது, அதற்கு முன்பே நாளைக்கு ஒரு தடவை போடும், சூடோமோனாஸை மட்டும் பார்த்துக்கொள்ளாத எர்டபெனம் என்ற இன்னொரு கார்பபெனத்துக்கு மாற்றி, வீட்டுக்கு அனுப்ப முடியுமா என்றும் கேட்பேன். பதில் பெரும்பாலும் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்றுதான் வரும், மறுநாளும் நான் அதையே கேட்கிறேன்.